880 முனைகள்: டியூப் வெட்ட எந்த மெஷினைக் கட்டுவது?

எங்கள் பட்டறை மதுரை அவனியாபுரத்தில், தகரக் கூரைக்குக் கீழே. நானும் மச்சானும், கூட ஒரு பையனும். கட்டில், பெஞ்சு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று டியூபை வெட்டி ஒட்டுகிற வேலைதான் பெரும்பாலும். போன கோடையில் ஒரு டியூஷன் சென்டருக்கு 40 பெஞ்சு செய்து கொடுத்தோம். 25 மி.மீ. சதுர டியூப், 16 கேஜ், அதாவது சுவர் கனம் 1.6 மி.மீ. பெஞ்சுக்கு 11 துண்டு. மொத்தம் 440 துண்டு, 880 முனை.

அந்த 880-ஐ அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. 14 இன்ச் கட்டிங் மெஷினில் ஒரு துண்டு விழ எட்டு விநாடி. வெட்டுகிற நேரத்தை மட்டும் கூட்டினால் 440 துண்டுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு முனையிலும் உள்ளேயும் வெளியேயும் பிசிறு. கிரைண்டரைக் கையில் பிடித்து ஒரு முனையைச் சுத்தம் செய்ய 20 விநாடி. பெருக்கிப் பாருங்கள்: ஐந்து மணி நேரத்துக்கு ஏழு நிமிடம்தான் குறைவு. அதுவும் நிற்காமல் செய்தால். கத்தரி வெயிலில் தகரத்துக்கு அடியில் யார் நிற்காமல் செய்வார்கள்? பையன் இரண்டு நாள் அதையேதான் செய்தான். மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல்.

அப்புறம்தான் வேறு மெஷின் என்ற பேச்சு வந்தது. "வேகமா வெட்டுற மாதிரி பாரு மாப்ள" என்றான் மச்சான். வேகம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று அவனுக்கு அந்த 880 கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வெட்டு முடிந்த பிறகு அந்த முனை என்ன நிலையில் கைக்கு வருகிறது என்பதை வைத்துத்தான் நான் எல்லா வழிகளையும் எடை போட்டேன். நீங்களும் பட்டறை வைத்திருந்து, ஒன்றைச் சொந்தமாகக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், நான் பார்த்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, 4 இன்ச் கிரைண்டரை ஒரு கீல் வைத்த கம்பியில் மாட்டி மேலும் கீழும் இறக்குவது. ஒரு மதியத்தில் செய்துவிடலாம். நானும் செய்தேன். 1 மி.மீ. டிஸ்க் போட்டால் வெட்டு மெல்லியதாக, பிசிறும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் 25 மி.மீ. டியூபுக்கு மேல் டிஸ்க் எட்டாது. கீலில் ஒரு நூல் ஆட்டம் வந்தாலும் அந்த மெல்லிய டிஸ்க் பக்கவாட்டில் வளைந்து உடையும். 11,000 சுற்றில் உடைகிற டிஸ்க் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் எப்போதாவது நாலு துண்டு வெட்டுபவருக்குச் சரி. பட்டறைக்கு இல்லை.

அடுத்தது 14 இன்ச் கட்டிங் மெஷின். ஏற்கெனவே இருப்பதுதான். இதைச் சொந்தமாகக் கட்டுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. பழைய மோட்டார், பெல்ட், புல்லி வைத்துக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய் பக்கத்தில் புதிதாகவே கிடைக்கும்போது, 355 மி.மீ. சக்கரத்தை நிமிடத்துக்கு 3,800 சுற்றுக்குமேல் ஓட்டுகிற ஒன்றை, காப்பு மூடியோடு நாமே செய்ய வேண்டிய தேவை என்ன? சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் போகிறது. பெல்ட் புல்லியின் விட்டத்தைத் தப்பாகப் போட்டால் அது சக்கரம் தாங்கும் எல்லையான 80-ஐத் தாண்டிவிடும். வாங்கிவிடுங்கள்.

அந்த மெஷினைக் குறை சொல்லவும் மாட்டேன். கல்யாண மண்டபத்திலோ மொட்டை மாடியிலோ போய் வேலை பார்க்க அதைவிட வசதியானது இல்லை. துருப்பிடித்த பைப், சிமென்ட் ஒட்டிய பைப், ஆங்கிள், கம்பி என்று எதைக் கொடுத்தாலும் வெட்டும். 15 ஆம்பியர் பிளக் இருந்தால் போதும். ஆனால் அது வெட்டுவதில்லை, தேய்த்துத் தின்கிறது. தின்கிற இடம் சிவக்கிறது, உருகுகிற இரும்பில் கொஞ்சம் பொறியாகப் பறக்கிறது, மீதி விளிம்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதான் பிசிறு. சக்கரத்தை மாற்றினால், மெதுவாக இறக்கினால் குறையும், போகாது. சதுர டியூபைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் மூலை மேலே வரும்படி சாய்சதுரமாக வைத்துப் பிடித்தால் ஒரே நேரத்தில் சக்கரத்தில் படுகிற இரும்பு குறைந்து, வெட்டு சுலபமாக இறங்கும். அதற்கு வி வடிவத் தாடை வேண்டும். இந்த மெஷினை வைத்தே ஓட்டப் போகிறவர்கள் அதையாவது செய்துகொள்ளுங்கள்.

எஸ்எஸ் டியூபில் கதை இன்னும் மோசம். வெட்டிய விளிம்பிலிருந்து உள்ளே நீலமும் மஞ்சளுமாக நிறம் ஏறிவிடும். இரும்பு வெட்டிய அதே சக்கரத்தில் எஸ்எஸ் வெட்டினால் இரும்புத் துகள் ஒட்டி, ஆறு மாதத்தில் கைப்பிடியில் துருப்புள்ளி. வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்பார். அலுமினியம் வேறு மாதிரி: சக்கரத்தின் துளைகளில் உருகி அடைத்துக்கொள்ளும், சக்கரம் வெட்டுவதை விட்டுவிட்டு வெறுமனே சூடேறும். ஜிஐ பைப் வெட்டும்போது வருகிற வெள்ளைப் புகை துத்தநாகம். கதவை மூடிக்கொண்டு வெட்டினால் ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பைப் போட்டு உலுக்கும். அப்புறம் பொறி. எங்கள் பட்டறையில் மெஷினுக்கு எட்டடி பின்னால் கிடந்த தின்னர் துடைத்த துணி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்ததால் பார்த்தேன்.

ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிக்காதது. கட்டிங் சக்கரத்தின் நடுவில் இருக்கும் தகர வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. பிசினால் ஒட்டிய சக்கரம்; ஈரம் பட்டால், நாள்பட்டால் பிடிப்பு தளரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை வாங்கி அடுக்காதீர்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு, இதே 14 இன்ச் மெஷினில் டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த பிளேடை மாட்டுகிறார்கள். அளவு பொருந்தும், துளை பொருந்தும், முதல் வெட்டு வெண்ணெய் மாதிரி இறங்கும். எனக்கும் ஆசை வந்தது, கடையில் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். பிளேடில் அச்சடித்திருந்த அதிகபட்சச் சுற்று 1,800. நம் மெஷினோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓடுகிறது. அந்த பிளேடுக்கென்று தனி மெஷின் இருக்கிறது; அது 1,300, 1,500 சுற்றில் ஓடும், பிடிக்கிற வைஸும் பலமாக இருக்கும். அந்த மெஷினை முழுதாக வாங்குவதென்றால் அது நல்ல வழி: தண்ணீர் வேண்டாம், பிசிறு குறைவு, வெட்டிய துண்டைக் கொஞ்ச நேரத்தில் கையால் எடுக்கலாம். ஆனால் மெல்லிய டியூபில் பல் மோதி உடைவது அடிக்கடி நடக்கும். பிளேடின் விலையும் கூர் தீட்டுகிற செலவும் எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய மெஷினில் மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. கழன்ற ஒரு பல் கண்ணுக்கு வர கண் சிமிட்டும் நேரம் போதும்.

பவர் ஆக்ஸாவை, அதாவது மோட்டார் முன்னும் பின்னும் இழுக்கிற ரம்பத்தை, ஒரு வரியில் தாண்டிப் போக மனசு வரவில்லை. நான் தொழில் கற்ற இடத்தில் ஒன்று இருந்தது. காலையில் தண்டை வைத்துவிட்டு டீக்குப் போனால், திரும்பி வரும்போது தானே நின்றிருக்கும். கனமான தண்டுக்கு இன்றைக்கும் நம்பகமான மெஷின். செய்வதும் எளிது: ஒரு மோட்டார், ஒரு கிராங்கு, திரும்பும் வீச்சில் பிளேடைத் தூக்கிவிட ஒரு கேம். ஆனால் 1.6 மி.மீ. சுவரில் பிளேடு குதிக்கும். 440 துண்டுக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் பெஞ்சில் உட்காரப் போகிற பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விடுவார்கள்.

பேண்ட் சா பற்றி நிறைய யோசித்தேன். இரண்டு சக்கரங்களில் நாடா மாதிரி பிளேடு சுற்றி ஓடுகிற ரம்பம் அது. கப்பலூர் தொழிற்பேட்டையில் தெரிந்தவர் பட்டறையில் ஒரு படுக்கை பேண்ட் சாவில் இரண்டு நாள் வெட்டிப் பார்த்தேன். பத்து டியூபைக் கட்டாகக் கட்டி ஒரே வெட்டில் இறக்குகிறார்கள். சத்தம் இல்லை, பொறி இல்லை, வெட்டு வாய், அதாவது பிளேடு தின்கிற அகலம், ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். நிறைய வெட்டுபவருக்கு இதுதான் ராஜா. ஆனால் வாங்குவது வேறு, கட்டுவது வேறு. சக்கரத்தின் மேற்பரப்பில் மெல்லிய குமிழ்ப்பு இல்லாவிட்டால் பிளேடு சக்கரத்தில் நிற்காது. சக்கரம் சிறியதானால் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்ந்து, வெல்டு வைத்த இடத்தில் விரிசல் விடும். வழிகாட்டி பேரிங் கொஞ்சம் விலகினாலும் வெட்டு சாய்ந்துகொண்டே போகும். மேலே சரியாக ஆரம்பித்து அடியில் ஒரு நூல் தள்ளி முடியும்.

மெல்லிய டியூபில் இன்னொரு தொந்தரவு. பிளேடு வெட்டும்போது குறைந்தது இரண்டு மூன்று பல்லாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அங்குலத்துக்கு 24 பல் பிளேடு போட்டாலும் 1.6 மி.மீ. சுவரில் ஒன்றரைப் பல்தான் நிற்கும். எடை வைத்துத் தானாக இறங்குகிற தலையானால், தனியாக நிற்கும் அந்தப் பல் சுவரைக் கொக்கி போட்டு இழுத்துப் பிடுங்கிக்கொள்ளும். கட்டாகக் கட்டி வெட்டினால் இது குறைகிறது. ஆனால் கட்டில் பத்தும் ஒரே நீளமாக வர, முன்முனைகளைச் சரியாகத் தட்டிச் சேர்க்க வேண்டும். எங்களுக்கு ஒரே நீளத்தில் பத்து வேண்டியிருப்பது எப்போதாவதுதான்.

வட்டக் குழாய் மட்டும் வெட்டுபவராக இருந்தால் கதை மாறுகிறது. பிளம்பர்கள் செம்புக் குழாய்க்குப் பயன்படுத்துகிற உருளும் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதையே பெரிதாக்கி, மோட்டாரில் சுற்றும் இரண்டு உருளைகள் மேல் குழாயைக் கிடத்தி, மேலிருந்து கூரான கடினச் சக்கரத்தை லீவரால் அழுத்துகிற மெஷின். சிட்டிகை இரும்புத் தூள்கூட விழாது, தீப்பொறி கிடையாது, முகம் தானாகவே செங்குத்தாக வரும். சொந்தமாகக் கட்டுவதற்கு இதைவிட எளிதானது கிடையாது என்றே சொல்வேன். குறை ஒன்று: கத்தி உலோகத்தை வெட்டாமல் பிதுக்கித் தள்ளுவதால் உள்விட்டம் சுருங்கி, உள்ளே ஒரு உதடு நிற்கும். நாற்காலிக் காலுக்கு பிளாஸ்டிக் புஷ் அடிக்க வேண்டுமென்றால் அது இறங்காது. ரீமர் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சதுர டியூபுக்கு இந்த மெஷின் உதவாது என்பதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் வேலையில் முக்கால் பங்கு சதுரம்.

மிச்சமிருந்தது கோல்டு சா. மெதுவாகச் சுற்றும் வட்டப் பல் பிளேடு, மேலே பால் மாதிரி கூலன்ட் (குளிர்விக்கிற எண்ணெய்த் தண்ணீர்) ஊற்றிக்கொண்டு. நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கும் குறைவு. பல்லை எண்ணிவிடலாம் போல ஓடும். முதல் தடவை பார்த்த மச்சான், "இது எப்ப வெட்டி எப்ப முடிக்க?" என்றான். கணக்கு இப்படி: 250 மி.மீ. பிளேடு, 240 பல், 48 சுற்று. ஒரு பல் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு கடித்தாலே நிமிடத்துக்கு 230 மி.மீ. இறங்கும். 25 மி.மீ. டியூபுக்கு ஏழு விநாடி. கை நிதானத்தையும் சேர்த்துப் பத்து, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மெஷினைவிட நாலு விநாடி கூடுதல். அந்த நாலு விநாடியைக் கொடுத்தால் முனைக்கு இருபது விநாடி மிச்சமாகிறது.

வெட்டிய முதல் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். முகம் பளபளவென்று, மிக மெல்லிய வில் கோடுகளோடு இருக்கும். நகத்தை விளிம்பில் உள்ளிருந்து வெளியே ஓட்டினால் அடிப்பக்கச் சுவரில் மட்டும் லேசாகத் தட்டும். அரத்தை ஒரு தடவை இழுத்தால் போய்விடும். சூடே இல்லை. வெட்டிய உடனே கன்னத்தில் வைத்துப் பார்த்தான் மச்சான்.

இதற்கு இதயம் வார்ம் கியர்பாக்ஸ்: திருகு மாதிரி தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி வேகத்தைக் குறைப்பது. 1,440 சுற்று மோட்டாரும் 30-க்கு 1 கியர்பாக்ஸும் சேர்ந்தால் 48 சுற்று. 250 மி.மீ. பிளேடின் விளிம்பில் அது நிமிடத்துக்கு சுமார் 38 மீட்டர். சாதா இரும்புக்குப் பொருத்தம். மோட்டார் 1.5 எச்.பி. புது கியர்பாக்ஸ் வாங்காமல் காயலான் கடையில் தேடினேன். மதுரை மில்கள் ஓடிய ஊர் என்பதால் பழைய கியர்பாக்ஸ் கிடைப்பது கஷ்டமில்லை. நல்லதாகக் கிடைப்பதுதான் கஷ்டம். வாங்கும்போது உள்ளே போகும் தண்டை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வெளியே வரும் தண்டில் ஒரு நீளக் கம்பியைக் கட்டி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கம்பி முனை நிறைய ஆடினால் விட்டுவிடுங்கள். அந்த ஆட்டம் பிளேடில் வந்து, ஒவ்வொரு பல்லும் சுவரில் நுழையும்போது ஒரு உதை கொடுக்கும். ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெயில் தங்கத் தூள் மாதிரி மின்னினால் வெண்கலச் சக்கரம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பல் விஷயத்தில் நான் ஒரு பிளேடைக் காவு கொடுத்தேன். முதலில் 160 பல் வாங்கினேன். பல்லுக்குப் பல் ஐந்து மி.மீ. இடைவெளி. இரண்டாம் நாளே மூன்று பல் போனது. இப்போது ஓடுவது 240 பல், இடைவெளி மூன்றேகால் மி.மீ. பேண்ட் சாவில் ஒன்றரைப் பல் போதாது என்றவன் இங்கே அரைப் பல்லோடு எப்படி வெட்டுகிறாய் என்று கேட்கலாம். நாடா வளையும், தலையின் எடை அதைத் தொடர்ந்து கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். தட்டு பிளேடு வளையாது, கை எவ்வளவு இறக்குகிறதோ அவ்வளவுதான் பல் கடிக்கும். அதனால்தான் கை முக்கியம். மேல் சுவரில் நுழையும்போதும், அடிச்சுவரைத் தாண்டும்போதும் அவசரப்பட்டால் பல் போகும். பையனுக்கு அது மூன்று நாளில் வந்துவிட்டது. மச்சானுக்கு வர மூன்று வாரம்.

பிளேடை நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த பிளேடுகளில் 32 மி.மீ. நடுத்துளையைச் சுற்றி 8 மி.மீ. துளைகள் இருக்கும், அவை பிளேடைப் பிடிக்கிற பின் (முளை) செருக. மெதுவான சுற்றில் முறுக்கு விசை மிக அதிகம். எங்கள் கணக்கில் பிளேடு விளிம்பில் நூறு கிலோவுக்குமேல் தள்ளும். பின் இல்லாவிட்டால் பிளேடு வழுக்கும், போல்ட் தளரும். பின் போட்ட ஃபிளாஞ்சை, அதாவது பிளேடு உட்காரும் வட்டத் தட்டை, லேத்தில் ஒரே பிடியில் முகம் வாங்க, அதாவது மட்டமாகக் கடையச் சொல்லுங்கள். பிளேடு பக்கவாட்டில் ஆடாமல் ஓடுவது அதில்தான் இருக்கிறது.

இந்த ஃபிளாஞ்சைச் செய்யத்தான் கே.புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். தாளில் வரைந்த படத்தை முன்னே வைத்து மோட்டார், கியர்பாக்ஸ், பிளேடு என்று பத்து நிமிடம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "தம்பி, பிளேட விடுங்க. வைஸ் எங்க?" என்றார். படத்தில் வைஸ் இருந்த இடத்தில் ஒரு கட்டம் மட்டும் போட்டிருந்தேன்.

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் மெஷினின் பாதி வேலையை வைஸில் போட்டேன். பிளேடுக்கு இரண்டு பக்கமும் டியூபைப் பிடிக்கிற மாதிரி, நடுவில் பிளேடு போக வாய் விட்ட தாடை. கட்டிங் மெஷினில் ஒரு பக்கம்தான் பிடிப்பு. வெட்டு முடியும் தருணத்தில் மறுபக்கத் துண்டு தொங்கி, கடைசிச் சுவர் வெட்டுப்படாமல் கிழிகிறது. நம் பிசிறில் பாதி அங்கே பிறக்கிறது. அப்புறம், பிளேடின் அடிப்பகுதி எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் அசையாத தாடை இருக்க வேண்டும். திருகால் நகரும் தாடையை அந்தப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு வெட்டும் திருகைத் தளர்த்தப் பார்க்கும்.

அடிச்சட்டத்துக்கு டியூப் வேண்டாம், 100 மி.மீ. சானல் போடுங்கள். எடைதான் அதிர்வைத் தின்கிறது. தலை ஏறி இறங்கும் தண்டு 25 மி.மீ., இரண்டு முனையிலும் யுசிபி 205 பேரிங். இரண்டு பேரிங்கையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். நான் முதலில் கிட்டக்கிட்ட வைத்து, பிறகு அறுத்துத் திரும்ப ஒட்டினேன்.

நேராக வெட்டுகிறதா என்று பார்க்க மூலைமட்டம் போதாது. ஒரு டியூபை வெட்டி, வெட்டிய இரண்டு முகங்களையும் சேர்த்து வையுங்கள். அப்படியே வைத்தால் எந்தக் கோணத்தில் வெட்டினாலும் பொருந்தும். இப்போது ஒரு துண்டை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி சேருங்கள். ஒரு டிகிரி சாய்வு இருந்தால் 25 மி.மீ. டியூபில் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. இடைவெளியாகத் தெரியும், வெளிச்சம் உள்ளே பாயும். 12 கேஜ் ராடு வைத்து இந்த டியூபை ஒட்டியவர்களுக்குத் தெரியும்: அரை மில்லிமீட்டர் இடைவெளியே ஓட்டை விழுவதற்குப் போதும். ஓட்டையை அடைக்க இன்னும் ராடு, அப்புறம் கிரைண்டர், அப்புறம் பட்டி. வெட்டு சரியாக இல்லாவிட்டால் அதன் செலவு வெல்டரின் கணக்கில் போய் உட்காரும். முதலாளிக்குத் தெரியாது.

நீளம் வைக்கிற ஸ்டாப்பரை எல்லோரும் ஒரு தகட்டை வெல்டு வைத்து முடித்துவிடுகிறார்கள். இரண்டு தப்பு. தகட்டின் மேல் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அடுத்த துண்டு அரை மில்லிமீட்டர் குட்டையாகிவிடும். தகட்டுக்குப் பதிலாக ஒரு போல்ட்டின் உருண்டை முனையை வையுங்கள், தூள் நிற்காது. இரண்டாவது, வெட்டி முடிந்த துண்டு ஸ்டாப்பருக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பிளேடை நெருக்கும். டியூபை ஸ்டாப்பரில் தொட்டு, வைஸை இறுக்கியதும் ஸ்டாப்பர் விலகிக்கொள்ள வேண்டும். ஒரு கீலும் ஒரு ஸ்பிரிங்கும் போதும்.

வெட்டு வாய் எவ்வளவு இரும்பைத் தின்கிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். சக்கரம் 3 மி.மீ., கோல்டு சா 2, பேண்ட் சா 1 சொச்சம். 6 மீட்டர் டியூபிலிருந்து 450 மி.மீ. துண்டு எடுத்தால் எதில் வெட்டினாலும் 13 துண்டுதான். கடைசியில் அரைச் சாண் அளவு எல்லாவற்றிலும் மிஞ்சத்தான் செய்கிறது. எந்த டியூபிலிருந்து எந்த நீளங்களைக் கலந்து எடுப்பது என்று முந்தின ராத்திரி தாளில் போட்டுப் பார்ப்பது இதைவிட நிறைய இரும்பை மிச்சம் பிடிக்கும்.

செலவு எனக்கு முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. பாதிக்குமேல் மோட்டார், விஎஃப்டி, இரண்டு பிளேடு. விஎஃப்டி எதற்கு என்றால், எங்களுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இல்லை. ஒற்றை ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸ் மோட்டாரை அது ஓட்டும். கூடவே வேகத்தையும் மாற்றலாம். எஸ்எஸ் வெட்ட சுற்றைப் பாதியாக, 24-க்குக் குறைக்க வேண்டும். 25 ஹெர்ட்ஸில் வைத்தால் சரியாக அங்கே வந்து நிற்கும். ஆனால் மோட்டாரின் விசிறியும் பாதி வேகத்தில்தான் சுற்றும், நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறும். கூலன்ட் தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதால் எர்த்தும், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டேன். கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடக் கூடாது. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஸ்டார்ட் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்படி கான்டாக்டர் வைத்தேன்.

யாருக்கு எது என்றால்: வெளியிடத்தில் போய் வேலை பார்ப்பவர், கனமான ஆங்கிள், சானல் வெட்டுபவர், 14 இன்ச் மெஷினையே நல்ல வைஸோடு வைத்துக்கொள்ளுங்கள். வட்டக் குழாய் மட்டுமே என்றால் உருளை மெஷினைக் கட்டுங்கள், ஒரு வாரத்தில் முடியும். ஒரே நீளத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டுபவர் பேண்ட் சா வாங்கட்டும், கட்ட வேண்டாம். சதுர டியூபில் பெஞ்சு, கட்டில், மேசை செய்பவர், கைக்குப் பக்கத்தில் நல்ல லேத் பட்டறை இருந்தால், கோல்டு சாவைக் கட்டலாம். லேத் பட்டறை இல்லையென்றால் அதையும் கடையிலேயே வாங்கிவிடுங்கள்; விலை நமக்கு ஆனதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும், ஆனால் ஆடுகிற ஃபிளாஞ்சோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

எங்கள் பழைய கட்டிங் மெஷின் இன்னும் மூலையில்தான் இருக்கிறது. சைட் வேலை வந்தால் ஆட்டோவில் ஏறும். புது மெஷினில் எனக்கு இன்னும் பிடிபடாதது கூலன்ட். 20 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய், தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் திரிந்துவிடும். அதெல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். ஆனாலும் மதுரை வெயிலுக்கு இரண்டு வாரத்தில் தொட்டியிலிருந்து ஒரு நாற்றம் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது மேலே படலம் கட்டுகிறது, திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நிற்கிறான். தொட்டியை முழுக்கக் கழுவி, படலத்தை வடிக்கத் தடுப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை தெரியும்.